இந்த மைலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி அலுவலரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே முழுமையாகத் தருகிறோம்.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், வண்டி நிறுத்தும் இடம் மூன்றையும் பேசித் தீர்த்துவிட்டு என்னை அழைத்திருக்கிறீர்கள். களைப்பாக இருப்பீர்கள். ஆனாலும் இது உங்கள் பணத்தைப் பற்றிய பேச்சு என்பதால் கொஞ்சம் பொறுத்துக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

இணையத்தில் பொருள் வாங்கினால், சாப்பாடு வரவழைத்தால், கருத்துக் கணிப்புக்குப் பதில் சொன்னால் விமான மைல் சேரும், அதை வைத்து இலவசமாகப் பறக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா? நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் இதைக் கேட்டிருந்தீர்கள். "ரயில் ஏறவே திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போக வேண்டிய ஊர் இது. செஞ்சிக்காரனுக்கு விமான மைல் எதற்கு?" என்று ஒருவர் கேலியாகவும் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

ஆனால் நம் குடியிருப்பில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மகளின் பேறுகாலத்துக்கு அம்மா போகிறார். பேரன் பிறந்தநாளுக்கு அப்பா போகிறார். வருடத்துக்கு ஒரு முறையாவது சென்னை விமான நிலையத்துக்கு இங்கிருந்து கார் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது. 2024 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கமும் போகிறோம். ஆகவே மைல் நமக்கும் உதவும். அதே மைலின் பெயரைச் சொல்லி நம்மிடமிருந்து பணத்தைப் பறிக்கவும் ஆள் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த மைலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

மைல் என்பது தூரம் அல்ல

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981 மே 1 அன்று 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் விமானத்திலேயே திரும்பத் திரும்ப வாருங்கள், பறந்த மைலைக் கணக்கு வைத்து ஒரு நாள் இலவச டிக்கெட் தருகிறோம் என்பதுதான் அதன் சாரம். அப்போது மைல் என்றால் உண்மையிலேயே தூரம். இப்போது அப்படி இல்லை. ஏர் இந்தியாவே 2024 ஏப்ரலில் தன் திட்டத்தை மாற்றி, பறந்த தூரத்துக்குப் பதிலாக டிக்கெட்டுக்குச் செலவழித்த தொகைக்கு ஏற்பப் புள்ளி தரத் தொடங்கியது. மைல், பாயின்ட், புளூசிப் என்று பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். அது விமான நிறுவனம் அச்சடிக்கிற ஒரு தனி நாணயம்.

அந்த நாணயத்தை நிறுவனம் விற்கிறது. வங்கிகள் வாங்குகின்றன, இணையக் கடைகள் வாங்குகின்றன, ஓட்டல்கள் வாங்குகின்றன. வாங்கி, நம்மைப் போன்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. கொரோனா காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, 2020-இல் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. 2021-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைக் காட்டி 1,000 கோடி டாலர் திரட்டியது. பறக்காத விமானத்துக்குக் கடன் கொடுக்கத் தயங்குபவர்கள்கூட மைல் வியாபாரத்தை நம்பிக் கொடுத்தார்கள். காரணம், விமானம் பறக்காத நாளிலும் மக்கள் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், வங்கிகள் மைல் வாங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே முதல் பாடம் இது. மைல் வானத்திலிருந்து விழுவதில்லை. நம் கணக்கில் ஒரு மைல் ஏறினால், அதற்கு எங்கோ ஒருவர் காசு கட்டியிருக்கிறார்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் கதையைச் சொல்கிறேன். 1999-இல் அமெரிக்காவில் ஒரு உணவு நிறுவனம், தன் பொருட்களின் பார்கோடு பத்தை வெட்டி அனுப்பினால் 500 மைல், முன்கூட்டியே அனுப்பினால் 1,000 மைல் என்று அறிவித்தது. கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளர் கடை கடையாகத் தேடி, அந்த நிறுவனத்தின் பொருட்களிலேயே விலை குறைந்தது கால் டாலர் புட்டிங் கிண்ணம் என்று கண்டுபிடித்தார். 12,000-க்கும் மேற்பட்ட கிண்ணங்களை வாங்கினார். அத்தனை பார்கோடை வீட்டில் உட்கார்ந்து கிழிக்க முடியாது. ஒரு தொண்டு நிறுவனத்திடம் போய், "புட்டிங் முழுவதையும் ஏழைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பார்கோடை மட்டும் கிழித்துக் கொடுங்கள்" என்றார். ஏறத்தாழ 3,000 டாலர் செலவில் 12 லட்சத்துக்கும் அதிகமான மைல் சேர்ந்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. இந்த மைலுக்கு உணவு நிறுவனம் காசு கொடுக்கிறது, நமக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு என்று பேனா எடுத்துக் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். அன்று தபாலில் நடந்தது இன்று கைபேசியில் நடக்கிறது. பேனா மட்டும் நம் கையில் இல்லை.

இணையத்தில் மைல் சேரும் வழிகள்

முதல் வழி, இணையக் கடை. விமான நிறுவனமோ வங்கியோ ஒரு பக்கம் வைத்திருக்கும். அதன் வழியாக நுழைந்து பொருள் வாங்கினால், "இந்த வாடிக்கையாளரை நான்தான் அனுப்பினேன்" என்று கடையிடம் அது கமிஷன் வாங்கும். அந்தக் கமிஷனில் ஒரு பகுதி மைலாக நமக்கு வரும். காசு கொடுப்பது கடை. எச்.டி.எஃப்.சி. வங்கியின் ஸ்மார்ட்பை போன்றவையும் இப்படிப்பட்ட வாசல்கள்தான்.

இங்கே பலருக்கும் மைல் ஏறாமல் போவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு கடையின் சொந்தச் செயலியைத் தனியாகத் திறந்து வாங்கிவிடுகிறார்கள். நடுவில் வேறு கூப்பன் தளத்துக்குப் போய் வருகிறார்கள். அப்போது யார் அனுப்பிய வாடிக்கையாளர் என்ற அடையாளம் அறுந்துவிடும். வாசலில் நுழைந்தால் அதே வழியில் பணம் கட்டி முடியுங்கள். மைல் உடனே வராது. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் கழிந்த பிறகுதான் வரும். ஆர்டர் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இரண்டாம் வழி, கிரெடிட் கார்டு. நாம் கார்டைப் பயன்படுத்தும்போது கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் தருகிறார். அதிலிருந்து வங்கி நமக்குப் புள்ளி தருகிறது. அந்தப் புள்ளியைப் பிறகு விமான மைலாக மாற்றலாம். இங்கே கவனம் வேண்டும். வங்கிப் புள்ளியை மைலாக மாற்றிவிட்டால் திரும்ப மாற்ற முடியாது. போகும் தேதியும் டிக்கெட்டும் கண்ணில் தெரிந்த பிறகு மாற்றுங்கள். அதுவரை வங்கியிலேயே கிடக்கட்டும்.

மூன்றாம் வழி, ஓட்டல் அறை, வாடகைக் கார் போன்றவற்றை முன்பதிவு செய்யும்போது நம் உறுப்பினர் எண்ணைச் சேர்த்துக் கொடுப்பது. இதற்கும் காசு கொடுப்பது அந்த வியாபாரிதான். எப்படியும் போடப்போகிற முன்பதிவுக்கு ஒரு எண்ணைக் கூடுதலாகத் தட்டுவதில் நமக்கு நட்டம் எதுவும் இல்லை.

நான்காவது, கருத்துக் கணிப்பு. அமெரிக்காவில் யுனைடெட் உறுப்பினர்களுக்கு 'ஒபினியன் மைல்ஸ் கிளப்' என்றே ஒன்று இருக்கிறது. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மைல் தருவார்கள். காசு கொடுப்பது சந்தை ஆய்வு நிறுவனம். நாம் கொடுப்பது நம் நேரமும் நம் விவரங்களும். உண்மையான ஆய்வு நிறுவனம் நம்மிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது, ஓடிபி கேட்காது. கேட்டால் அது ஆய்வு இல்லை.

மூட்டையை எண்ணாதீர்கள், விலையைக் கேளுங்கள்

நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டுபோகிறவர் நாற்பது மூட்டை என்றவுடன் சந்தோஷப்பட்டுத் திரும்பிவிடுவாரா? மூட்டைக்கு இன்று என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தானே வண்டியை நகர்த்துவார்? மைலிலும் அப்படித்தான். "5,000 மைல் சேர்ந்துவிட்டது" என்பதில் ஒன்றும் இல்லை. ஒரு மைல் எத்தனை பைசா?

கணக்கு எளிது. நீங்கள் போகவேண்டிய தேதிக்கு, அதே விமானத்தின் டிக்கெட் விலையைப் பாருங்கள். அதில் மைல் கொடுத்து வாங்கினாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கட்டணத்தைக் கழியுங்கள். மீதியை, கேட்கிற மைல் எண்ணிக்கையால் வகுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். டிக்கெட் 6,000 ரூபாய். மைலில் வாங்கினால் 8,000 மைலும் 1,200 ரூபாயும். 6,000-இல் 1,200 போக 4,800. அதை 8,000-ஆல் வகுத்தால் ஒரு மைல் 60 பைசா. தேதிக்குத் தேதி, தடத்துக்குத் தடம் இது மாறும். ஆனாலும் பேச்சுக்கு 60 பைசா என்று வைத்துக்கொண்டு இப்போது மற்றதைப் பார்ப்போம்.

5,000 ரூபாய் மிக்ஸி. இணையத்தில் வாங்கினால் 100 ரூபாய்க்கு 2 மைல் வீதம் 100 மைல். அதன் மதிப்பு 60 ரூபாய். அதே மிக்ஸி நம் கடைவீதியில் 200 ரூபாய் குறைவாகக் கிடைத்து, பழுதானால் அந்தக் கடைக்காரரே வாங்கிப் பார்ப்பார் என்றால், மைலுக்காக இணையத்தில் வாங்குவது புத்திசாலித்தனமா? நீங்களே சொல்லுங்கள்.

கருத்துக் கணிப்பு. 15 நிமிடம் உட்கார்ந்து பதில் சொன்னால் 30 மைல் என்று வைத்துக்கொள்வோம். 18 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 72 ரூபாய். பொழுது போகாமல் இருப்பவர் செய்யலாம். வேலையாக நினைத்துச் செய்தால் கட்டாது.

இப்போது நம் குடியிருப்புக்கு நேராக வருகிறேன். மாதப் பராமரிப்புத் தொகையைக் கிரெடிட் கார்டில் கட்ட வழி செய்யுங்கள், புள்ளி சேரும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 3,000 ரூபாய் கட்டுகிறீர்கள். செயலி 1.5 சதவீதம் வசதிக் கட்டணம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 45 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 8 ரூபாய் 10 பைசா. மொத்தம் 53 ரூபாய் 10 பைசா. கிடைப்பது 60 மைல், அதாவது 36 ரூபாய். மாதத்துக்கு 17 ரூபாய் 10 பைசா நட்டம், வருடத்துக்கு 205 ரூபாய். இந்த மைலுக்கு யார் காசு கொடுத்தது? நீங்களே கொடுத்தீர்கள், கூடுதலாகவும் கொடுத்தீர்கள். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்புவதில் இந்தச் செலவு எதுவும் இல்லை. வாடகைக்கும் இதே கதைதான். வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினால் 1 சதவீதக் கட்டணம் என்று ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2022 அக்டோபரிலேயே கொண்டுவந்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன. புள்ளி சேர்ப்பதற்காகவே பலர் இப்படிப் பணத்தைச் சுற்றவிட்டதை வங்கிகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

இன்னொன்று, எல்லாவற்றிலும் பெரியது. கார்டு பில்லை முழுதாகக் கட்டாதவருக்கு மைல் கணக்கே வேண்டாம். 20,000 ரூபாய் பாக்கி நிற்கிறது, மாதம் 3.5 சதவீத வட்டி என்று வையுங்கள். 700 ரூபாய் வட்டி, அதற்கு ஜி.எஸ்.டி. 126 ரூபாய், மொத்தம் 826. அந்த 20,000 ரூபாய்க்குச் சேர்ந்த மைல் 400, மதிப்பு 240 ரூபாய். முன்பக்கம் 240 வருகிறது, பின்பக்கம் 826 போகிறது. முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு மட்டுமே மைல் லாபம். அந்த லாபத்துக்கான காசு, கட்டத் தவறுகிறவர் வட்டியிலிருந்தும் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

களஞ்சியத்தில் கிடக்கும் நெல்

ராஜகிரி அடிவாரத்தில் இருக்கிற நெற்களஞ்சியத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முற்றுகை வந்தால் உண்பதற்காகச் சேர்த்து வைத்தார்கள். சேர்த்ததை உண்ணாமலே வைத்திருந்தால் பூச்சிக்குத்தான் போகும். மைலும் அப்படி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். மற்ற நிறுவனங்களும் ஏதாவது ஒரு கெடு வைத்திருக்கின்றன. கெடு வராமலே மதிப்பு குறைவதும் உண்டு. நேற்று 8,000 மைலுக்குக் கிடைத்த டிக்கெட்டுக்கு நாளை 10,000 கேட்கலாம். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட விதிகளில் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு உறுப்பினரை விமான நிறுவனம் திட்டத்திலிருந்தே நீக்கியது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014-இல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கமே வந்தது.

நம் நாட்டிலேயே மூன்று முடிவுகளைப் பார்த்துவிட்டோம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. அதன் 'கிங் கிளப்' மைலை வைத்திருந்தவர்களுக்குப் பறக்க விமானம் இல்லை, மைல் வெறும் எண்ணாகிவிட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதன் மைல் திட்டமோ தனி நிறுவனமாக இருந்தது. அது 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, இணையத்தில் பொருள் வாங்கினால் மைல், ஓட்டல் போட்டால் மைல் என்று தொடர்ந்து நடந்தது. பெயர் கொடுத்த விமானம் இல்லை, மைல் மட்டும் இருந்தது. மைல் விமானத்தைச் சாராத தனி வியாபாரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மூன்றாவது விஸ்தாரா. 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதன் உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாறின, அதுதான் இப்போதைய 'மகாராஜா கிளப்'. மூன்று நிறுவனம், மூன்று முடிவு. எது யாருக்கு வரும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே சேர்ப்பதைவிடச் செலவழிப்பதில் சுறுசுறுப்பாக இருங்கள்.

யாருமே காசு கொடுக்காத மைல்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பெரியவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

"உங்கள் ஸ்டேட் வங்கி ரிவார்டு பாயின்ட் 9,980 ரூபாய் இன்று காலாவதி ஆகிறது. இந்தச் செயலியைப் பதிவிறக்கி உடனே பெற்றுக்கொள்ளுங்கள்" என்று செய்தி வந்திருக்கிறதா? நாடு முழுக்கச் சுற்றிய செய்தி இது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இது போலி என்று எச்சரித்தது, ஸ்டேட் வங்கியும் எச்சரித்தது. கூடவே வருவது 'ஏபிகே' என்று முடிகிற ஒரு கோப்பு. அதைத் தொட்டு நிறுவினால் உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி-யை எங்கோ இருப்பவன் படிப்பான். எந்த வங்கியும், எந்த விமான நிறுவனமும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்பிப் புள்ளி கொடுப்பதில்லை.

இங்கே அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நான் எதுவும் வாங்கவில்லை, எங்கும் பறக்கவில்லை. 9,980 ரூபாய்க்கு யார் காசு கட்டினார்கள்? பதில் கிடைக்காது. பதில் இல்லாத இடத்தில் விரலை வைக்காதீர்கள்.

அடுத்தது, "வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை". வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், விமான டிக்கெட்டுக்கு மதிப்பீடு எழுதுங்கள் என்று ஆரம்பிப்பார்கள். முதலில் உண்மையிலேயே 150, 200 ரூபாய் கணக்கில் விழும். நம்பிக்கை வரும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். "முன்பணம் கட்டினால் பெரிய டாஸ்க்" என்பார்கள். 1,000 கட்டினால் 1,300 வரும். 50,000 கட்டிய பிறகு எதுவும் வராது. "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்று மேலும் கேட்பார்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் முடக்கியது. அத்தோடு இது ஒழிந்துவிடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு வருகிறது. ஓய்வு பெற்றவர்களும், வீட்டிலிருக்கும் பெண்களும், வேலை தேடும் பிள்ளைகளும்தான் இவர்கள் குறி. அதாவது பகல் நேரத்தில் நம் குடியிருப்பில் இருப்பவர்கள்.

உண்மையான கருத்துக் கணிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றே: அங்கே பணம் உங்களை நோக்கி மட்டுமே வரும். உங்களிடமிருந்து ஒரு முறை பணம் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள்.

அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். அதோடு வங்கிக்கும் சொல்லி கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு. "பையனுக்குத் தெரிந்தால் திட்டுவான்" என்று ஒரு இரவு தாமதித்தால் வாய்ப்பு கைநழுவிவிடும். பையன்களுக்கும் ஒரு வார்த்தை: அம்மா அப்பா சொல்ல வந்தால் முதலில் திட்டாதீர்கள். முதலில் 1930.

குடும்பத்துக்குச் சில யோசனைகள்

பயமுறுத்தி அனுப்புவது என் நோக்கம் இல்லை. முறையாகச் செய்தால் இதில் பலன் உண்டு.

ஒன்று, மைலை ஆளுக்கொரு பக்கம் சிதறவிடாதீர்கள். மகன் சிங்கப்பூரில் இருந்து கிரிஸ்ஃபிளையர் மைல் சேர்த்தால், அப்பா அம்மா பெயரைத் தன் கணக்கில் பயனாளிகளாகச் சேர்க்கலாம். ஐந்து பேர் வரை சேர்க்க முடியும். அதன் பிறகு அவர் மைலில் உங்களுக்கு டிக்கெட் போடலாம். துபாய்ப் பிள்ளைகள் பயன்படுத்தும் எமிரேட்ஸில் குடும்பத்தார் மைலை ஒரே தொட்டியில் சேர்க்கும் வசதி உண்டு. ஏர் இந்தியாவிலும் குடும்பக் கணக்கு உண்டு. தனித்தனியாக மூவாயிரம், நாலாயிரம் என்று கிடந்து காலாவதி ஆவது, ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு டிக்கெட் ஆகலாம்.

இரண்டு, பெயர். இது தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, மைல் கணக்கில் வேறு மாதிரி. டிக்கெட்டில் உள்ள பெயரும் உறுப்பினர் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மைல் ஏறாமல் நிற்கும். கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே போடுங்கள்.

மூன்று, ஏறாத மைலை விட்டுவிடாதீர்கள். பயணம் முடிந்து ஆறு மாதம் வரை கேட்டுப் பெற சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் எமிரேட்ஸிலும் வழி இருக்கிறது. போர்டிங் பாஸை வீட்டுக்கு வந்தவுடன் குப்பையில் போடாமல், கணக்கில் மைல் ஏறும் வரை வைத்திருங்கள்.

நான்கு, மைல் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்குப் போடுவது போலத் தனிக் கடவுச்சொல் போடுங்கள். மைலையும் திருடுகிறார்கள். யாராவது "உங்கள் மைலை விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். விற்பது பொதுவாக விதிக்குப் புறம்பு, தெரிந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

ஐந்து, மைலுக்காக எதையும் வாங்காதீர்கள். வாங்கப்போவதை வாங்கும்போது மைலும் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இத்தனை நேரம் பேசியதன் சுருக்கம் இதுதான்.

உறவுகளே, வருடம் முழுக்க இப்படிக் கவனமாக இருந்தால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு உள்நாட்டு டிக்கெட் அளவுக்குச் சேரலாம். பெரிய சொத்து ஒன்றும் இல்லை. ஆனால் மகள் வீட்டுக்குப் போகும் அம்மாவின் டிக்கெட் அதில் வந்தால் மனசுக்கு ஒரு சந்தோஷம்தானே. அந்தச் சின்ன சந்தோஷத்தைத் தேடப்போய் வாழ்நாள் சேமிப்பை இழந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் எல்லாருடைய கைபேசியிலும் 1930 என்ற எண்ணைச் சேமியுங்கள். பிறகு, வீட்டில் யார் பெயரில் எந்த மைல் கணக்கு இருக்கிறது, எப்போது காலாவதி என்று ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். காலாவதி தேதியை நீங்களே எழுதி வைத்திருந்தால், "இன்றோடு முடிகிறது" என்று ஒருவன் மிரட்டும்போது தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

கணக்குப் போடச் சிரமமாக இருந்தால் மாலை நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.